இது போச்சுன்னா?

ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் என் ஹார்டுவேர் கடைக்கு வந்து அவர் ஒரே ஒரு பொருளை வாங்கிக்கொண்டு போனார் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். கொக்கி கேட்பார். எடுத்து வைப்பேன். புரட்டிப் பார்ப்பார், வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், அப்புறம் அந்தக் கேள்வி வரும்.

"இது போச்சுன்னா?"

"போகாதுக்கா. ஸ்டெயின்லெஸ். உங்க பேரன் காலத்துக்கும் கெடக்கும்."

"போச்சுன்னா?"

இதற்கு மேல் அவரிடம் வாதாடி ஜெயித்தவன் கிடையாது. இன்னொரு கொக்கியை எடுத்து முதலாவதன் பக்கத்தில் வைப்பேன். அப்போதுதான் பையைத் திறப்பார். இப்படி ஒரு வாடிக்கைக்காரர் கிடைத்தால் வியாபாரி கொண்டாட வேண்டும். எனக்கோ எரிச்சலாக வரும். உன் சரக்கின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்வதுபோல் இருக்கும். கயிறு என்றால் இரண்டு சுருள், கப்பி என்றால் இரண்டு, பெயின்ட் பிரஷ் கூட இரண்டு. ஒருநாள் கடுப்பில், "அக்கா, இந்தக் கடை போச்சுன்னா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. பங்காருபேட்டையில் ஒரு கடை பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார்.

ஊர் அவரைக் கப்பல்காரம்மா என்றது. அவருக்கு அந்தப் பெயர் பிடிக்காது. "கப்பல் இல்லடா, படகு" என்று எத்தனை பேருக்கு எத்தனை முறைதான் சொல்வார்? மாரிகுப்பத்தில், அதற்கு மேல் போக வழியில்லாமல் ரயிலே நின்றுவிடும் இடத்தில், பழைய கம்பெனி குவார்ட்டர்ஸ் வாசலில் ட்ரெய்லர் மேல் ஒரு பாய்மரப் படகு நின்றால் ஜனங்கள் வேறு என்ன சொல்வார்கள்? ஒரு பக்கம் தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடு, மறுபக்கம் மூடிப்போன சுரங்க ஷாஃப்ட், நடுவில் வெள்ளைப் படகு. கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் இங்கே பாதிப் பேர் தப்பாகத்தான் கை காட்டுவார்கள்.

அவரும் மாமாவும் இந்த ஊர்ப் பிள்ளைகள்தான். அவர் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். சுரங்கம் நொடித்த காலத்தில் பிழைக்கப் போனவர்கள். மாமா சென்னைத் துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக், அக்கா தபால் ஆபீஸ். யாரோ ஒரு முதலாளி உடைந்துபோன படகைத் தலை முழுகினால் போதும் என்று விட்டுவிட்டுப் போக, மாமா அதைச் சீராக்கினார். சீராக்கியவர் சும்மா இருக்கக் கூடாதா? பொண்டாட்டியை ஏற்றிக்கொண்டு போய்ச் சுக்கானைக் கையில் கொடுத்துவிட்டார். அதன் பிறகு அக்கா சுக்கானை விடவில்லை. பந்தயத்தில் ஓடிக் கோப்பை வாங்கிய படகு அது. லீவு நாளில் அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து, புதுச்சேரி வரை போய் வந்திருக்கிறார்கள். உள்ளே படுக்க இடம், அடுப்பு, ஆழம் காட்டும் கருவி, முன்னால் பலூன் போல உப்பும் பந்தயப் பாய், எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் இரண்டாவதும் உண்டு.

ஓய்வு பெற்றதும் அக்காவின் அப்பா விட்டுப்போன குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி வந்தார்கள், படகோடு. பேத்தமங்கலம் ஏரி அப்போது மாடு மேயும் நிலம். ஊரே வாயில் கையை வைத்துச் சிரித்தது. பிறகு வானம் பொத்துக்கொண்டு ஒரு மழை பெய்து ஏரி நிரம்பி வழிந்தது. சிரித்தவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளை குட்டிகளோடு கரைக்குப் போய்ப் படகு பார்த்தார்கள். நானும் போனேன்.

அந்த இரண்டாவதுப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று அக்கா ஒரே ஒரு முறை சொன்னார், நான் பெயின்ட் கலந்துகொண்டிருந்தபோது. அவருடைய அப்பா ஷாஃப்ட் மேலே பெல் பார்க்கிறவர். கீழே இருந்து பெல் அடித்தால் அதன்படிதான் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு, கேஜ், நகரும். ஒன்று அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால் ஆள் வருது, பார்த்து. ஒருநாள் கேஜ் நிறைய ஆட்களோடு பாதி வழியில் இருக்கும்போது பெல் கம்பி அறுந்துவிட்டது. இரண்டாவது கம்பி ஒன்று இருந்ததால் அத்தனை பேரும் வீடு வந்து சேர்ந்தார்கள். அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடாமல், "அதுவும் போயிருந்தா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். அக்கா அப்போது சின்னப் பெண். கேள்வியைப் பிடித்துக்கொண்டார்.

பெல்லையும் விடவில்லை. படகில் காற்றும் பாயும் போடுகிற சத்தத்தில் பேச்சு காதில் விழாது. பாய் மறைப்பதால் பின்னால் சுக்கான் பிடிப்பவருக்கு முன்னால் இருப்பதும் தெரியாது. அதனால் முன்னால் நிற்கும் மாமா, பாய்க் கயிற்றை முறுக்கும் வின்ச்சின் இரும்புக் கைப்பிடியால் படகின் மேல்தளத்தில் தட்டுவார். ஒரு தட்டு, நிறுத்து, அப்படியே பிடி. இரண்டு தட்டு, பாயை இறக்கு. மூன்று தட்டு, ஆள் வருது, நான் பின்னால் வருகிறேன், ஆட்டாதே. சென்னையில் பந்தயம் ஓடிய மற்ற படகுக்காரர்கள் எல்லாம் தொண்டை கிழியக் கத்துவார்களாம். இவர்கள் இரண்டு பேரும் கோலார் தங்கவயல் ஷாஃப்டில் இறங்குகிற மாதிரி டக் டக்கென்று தட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போவார்களாம். மாமா இதைச் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும்.

சுரங்கத்து டோக்கனும் அவர்களிடம் இருந்தது. இரண்டு பேருடைய அப்பாக்களின் பித்தளை டோக்கன்கள். கீழே இறங்குகிறவன் மேலே தன் டோக்கனை விட்டுவிட்டுப் போக வேண்டும், திரும்பி வந்து எடுத்துக்கொள்ள வேண்டும், எடுக்காத டோக்கன் ஆணியில் தொங்கினால் அவனைத் தேட வேண்டும். அதுதான் சட்டம். ஏரிக்குப் போகிற வழியில் அக்கா என் கடையில் நின்று, என் கல்லாவுக்குப் பின்னால் அவரே அடித்த ஆணியில் இரண்டு டோக்கனையும் மாட்டிவிட்டுப் போவார். இருட்டுவதற்குள் வந்து வாங்காவிட்டால் நான் ஏரிக்கு வர வேண்டும் என்பது பேச்சு. என்னைக் கேட்டா முடிவு செய்தார்? அவர்கள் ஏரிக்குப் போகிற நாளெல்லாம் சாயங்காலம் ஆக ஆக எனக்கு வியாபாரத்தில் புத்தி போகாது. ஆணியைப் பார்த்துக்கொண்டே ஆணி நிறுப்பேன்.

ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம் டோக்கன் ஆணியிலேயே இருந்தது. கடையை மனைவியிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நான் கரை ஏறியபோது படகு திரும்பி வந்துகொண்டுதான் இருந்தது. அப்பாடா என்று பெருமூச்சு விட்ட அந்த நிமிஷம்தான் காற்று மாறியது. ஏரிக்குள் நிற்கிற மதகுக் கட்டடத்தை ஒட்டி அவர்கள் கடக்க வேண்டும். மாமா முன்னால் நின்று பார்த்துத் தட்டினார். டக் டக். கரையில் நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது. அக்கா பாயை இறக்கிவிட்டார். பாய் போனதும் படகுக்கு வேகம் போயிற்று. வேகம் போனதும் சுக்கான் பேச்சைக் கேட்கவில்லை. காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு கரையின் கல்லுக்கட்டை நோக்கி வந்தது. அக்கா நங்கூரத்தைத் தூக்கிப் போட்டார். அது சேற்றில் பிடிக்காமல் இழுத்துக்கொண்டு வந்தது. இரண்டாவது நங்கூரத்தைப் போட்டார். அது பிடித்தது. நான் குனிந்து கை நீட்டினால் படகைத் தொடலாம், அவ்வளவு கிட்டத்தில் நின்றது.

மாமாவுக்கு மூச்சு வாங்கியது. "ஒன்னுதானே அடிச்சேன். எதுக்கு எறக்குன?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். மாமாவின் வலது கையை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்த அந்தக் கை தானாக ஆடிக்கொண்டிருந்தது. ஒரு முறை தட்டப் போன கை இரண்டு முறை தட்டியிருக்கிறது, அது அவருக்கே தெரியவில்லை.

"எனுக்கு ரெண்டுன்னு கேட்டுச்சுங்க. காது மந்தமாயிடுச்சு போல" என்றார் அக்கா.

அன்றிலிருந்து கப்பல்காரம்மா செவிடு ஆனார். சாதாரணச் செவிடு இல்லை. மாமா பக்கத்தில் இருந்தால் மட்டும் வரும் செவிடு. இரண்டு பேரும் கடைக்கு வந்தால் நான் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் கத்த வேண்டும். "இன்னா தம்பி? பித்தளையா?" என்று காதில் கை வைத்துக் கேட்பார். நான் கத்துவேன். தெருவில் போகிறவர்கள் கடையில் சண்டை என்று எட்டிப் பார்ப்பார்கள். மாமா அந்தப் பக்கம் திரும்பியதும், நான் முணுமுணுத்த வசவுக்குச் சன்னமான குரலில் பதில் சொல்வார். மாமா கோலாரில் காது டாக்டரிடம் கூட்டிப் போகிறேன் என்று நச்சரிக்க, இவர் நாள் தள்ளித் தள்ளிப் போட்டார். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. எவ்வளவு நாள் இந்த வேஷம் தாங்கும்?

ஒருநாள் மாமா மட்டும் வந்தார். வலது கையைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன், இடது கையால் வாங்கினார்.

"தம்பி, அவளுக்குக் காது நல்லாத்தான் கேக்குது. பக்கத்து ரூம்ல நான் மாத்திரைய கீழ போட்டா அங்கேருந்து இன்னா வுழுந்துச்சின்றா. எனுக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாத. நாடகம் ஆடி நிம்மதியா கீறா, இருந்துட்டுப் போறா."

நல்ல கூத்து. இரண்டு பேரும் ஒருத்தரிடமிருந்து ஒருத்தர் மறைப்பதை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆணியில் டோக்கனைத் தொங்கவிட்டது போதாதென்று இது வேறு. அன்றைக்கு எனக்கு ஒன்று உறைத்தது. கொக்கிக்கும் கப்பிக்கும் கேட்ட அந்தக் கேள்வியை அக்கா மாமா விஷயத்தில் மட்டும் கேட்டதேயில்லை. அந்தப் படகை ஓட்ட இரண்டு பேர் வேண்டும். மாமாவுக்கு இரண்டாவது எந்தக் கடையில் கிடைக்கும்?

படகை விற்கப்போவதாக அக்கா சொன்னது ஐப்பசியில். காது கேட்கவில்லை, இவ்வளவு பெரிய படகு இனி எதற்கு, சின்னதாக ஒன்று பார்த்துக்கொள்ளலாம் என்று மாமாவிடம் சொல்லியிருந்தார். மாமா மறுக்கவில்லை. செல்போனில் விளம்பரம் போட்டதும் நிறையப் பேர் போன் செய்தார்கள். கே.ஜி.எஃப்.பில் படகா, விளையாடுகிறீர்களா என்று பாதிப் பேர் வைத்துவிட்டார்கள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு கன்னடத்துப் பையன் மட்டும் நேரில் வந்தான். தமிழும் பேசுவான், படகும் கொஞ்சம் ஓட்டுவான். படகைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்து, எல்லாம் இரண்டிரண்டாக இருப்பதைக் கண்டு, இதற்குள் இன்னொரு படகே இருக்கிறதே என்று அதிசயப்பட்டான். அவனுக்கு ஒரே ஒரு ஆசை. ஏரியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதுவும் இவர்கள் இரண்டு பேரும் பந்தயத்தில் ஓட்டியது போலவே ஓட்டிக் காட்ட வேண்டும்.

மாமா உடனே சரி என்றுவிட்டார். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

ஓட்டிக் காட்டுவதற்கு முந்தின நாள் அக்கா கடைக்கு வந்தார். எதையும் கேட்கவில்லை. ஆணிப் பெட்டியில் விரலை விட்டு அளைந்துகொண்டே நின்றார்.

"தம்பி, நாளைக்கு நீயும் படகுல வரணும்."

"நானா? அக்கா, எனக்குக் கிணத்தை எட்டிப் பாத்தாலே தல சுத்தும்."

"நீ ஒன்னும் செய்ய வேணாம். பெரிய பாயி கயிறுகிட்ட குந்திக்கோ. அவரு எத்தினி தட்டுனாலும் நீ எண்ணாத. நான் சொல்றத மட்டும் கேளு. நான் வுடுன்னு சொல்ற வரிக்கும் கயிற வுடாத."

அப்போதுதான் புரிந்தது. அவர் கடைசியில் மாமாவுக்கு இரண்டாவது வாங்க வந்திருக்கிறார். கடையில் அது நான்தான்.

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் கிளம்பிவிட்டேன். என் டோக்கனுக்குப் பதிலாகக் கடைச் சாவியை மனைவி ஆணியில் மாட்டினாள். மாட்டும்போது என்னையும் கப்பல்காரம்மாவையும் சேர்த்து அவள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. கரையில் அக்கா எனக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டார். பிறகு யோசித்து இன்னொன்றையும் கையில் கொடுத்தார்.

முதலில் நன்றாகத்தான் போயிற்று. அந்தப் பையன் சுக்கானை வாங்கிக்கொண்டான். மாமாவுக்குப் பேச ஆள் கிடைத்த குஷி. ஒரு தட்டு, இரண்டு தட்டு, மூன்று தட்டு என்று பெல் கதையை ஒன்று விடாமல் அவனுக்குச் சொன்னார். அவனும் பள்ளிப் பிள்ளைபோல் திரும்பச் சொல்லிக் காட்டினான். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதைச் சொல்லிக்கொடுத்திருக்கவே கூடாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மாமாவை நிறுத்த யாரால் முடியும்?

திரும்பும்போது காற்று பலமாயிற்று. மதகுக் கட்டடம் நெருங்கியது. மாமா கைப்பிடியை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். போகாதீங்க என்று அக்கா சொல்லவில்லை. கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி என் கையில் அழுத்தினார். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. என் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கிக்கொண்டன. எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்று எனக்கு நினைவு வரவில்லை.

டக் டக்.

"அப்பிடியே புடி!" என்றார் அக்கா.

"ரெண்டு தட்டு மேடம்! ரெண்டு! பாய எறக்கணும்!" என்று கத்திக்கொண்டே அந்தப் பையன் சுக்கானை ஒரு கையில் பிடித்தபடி, மறு கையால் என் பிடியிலிருந்து கயிற்றை உருவப் பார்த்தான். அவன் மேல் என்ன தப்பு? சொல்லிக் கொடுத்ததைச் செய்தான். பாய் ஒரு முழம் இறங்கிவிட்டது. கட்டடத்தின் கல் என் தலைக்கு நேராக வந்தது, கல்லில் படிந்திருந்த பாசி கூடத் தெரிந்தது. அக்கா அவன் கையைத் தட்டிவிட்டுச் சுக்கானை வாங்கினார்.

"தம்பி, வுடாத!"

நான் விடவில்லை. கயிறு உள்ளங்கையைத் தோல் உரித்தது. விடவில்லை. படகு கல்லை உரசுவதுபோல் போய், உரசாமல் தாண்டியது.

அதற்கப்புறம் பாய் படபடக்கிற சத்தம் மட்டும்தான். மாமா முன்னால் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி நின்றார். ரெண்டு தட்டு என்று அந்தப் பையன் கத்தியது அவருக்கும் கேட்டிருந்தது. தன் கையைப் பார்த்தார். பிறகு பின்னால் வருவதற்காகத் தட்டினார். மூன்று தட்ட வேண்டும். எத்தனை விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, சட்டியில் பட்டாணி பொரிகிற மாதிரி ஒரு சத்தம். அக்கா படகை ஆடாமல் பிடித்தார். மாமா வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"காது நல்லா கேக்குது உனுக்கு" என்றார்.

"கேக்குது."

"இன்னும் எத்தினி நாளு செவிடா இருக்கப் போற?"

அக்கா சுக்கானில் இருந்த தன் கையை எடுக்காமல், மற்றக் கையால் மாமாவின் வலது கையைப் பிடித்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டார். அது அங்கேயும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. உள்ளங்கை எரிகிறது என்று அந்தப் பையனிடம் சொன்னேன்.

படகை அவன் வாங்கிக்கொண்டான். அன்றைக்குப் பயந்துபோய் ஓடிவிடுவான் என்றுதான் நினைத்தேன். கல்லுக்கு அவ்வளவு கிட்டத்தில் போய்த் திரும்பிய படகை விடமாட்டேன் என்றான். அக்கா ஒவ்வொரு பொருளையும் அதன் ஜோடியோடு எடுத்துக் காட்டி ஒப்படைத்தார். இரண்டு நங்கூரம், இரண்டு விளக்கு, இரண்டு அடுப்பு. டோக்கனை மட்டும் கொடுக்கவில்லை. ட்ரெய்லர் மாரிகுப்பத்துத் தெருவை விட்டுத் திரும்பும்போது மாமா வீட்டுக்குள் போய்விட்டார். அக்கா கடைசி வரை வாசலில் நின்று, பின் விளக்கு இரண்டும் எரிகிறதா என்று பார்த்தார்.

தை பிறந்ததும் ஒரு மினி லாரியில் சின்னப் படகு வந்தது. ஒரே பாய். உள்ளே அறை கிடையாது, ஒரு ஆள் காலை நீட்டினால் இடம் முடிந்தது. இனி அக்கா ஓட்டுவார், மாமா முன்னால் உட்கார்ந்து காற்று வாங்குவார் என்று நான் நினைத்தேன். அக்கா தினமும் வந்து ஏதாவது வாங்கிப் போனார். கயிற்றை விரலால் பிடிக்க வேண்டாத மாதிரி, முழங்கை நுழைந்து வெளியே வருகிற அளவில் வளையம் வளையமாகக் கட்டினார். சுக்கான் கட்டையை நீளமாக்கி அக்குளில் இடுக்கிக்கொள்ளும்படி துணி சுற்றினார். கை நன்றாக இருக்கிற இவருக்கு எதற்கு இதெல்லாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

முதல் நாள் ஏரிக்குப் போகும் வழியில் கடையில் நின்றார். ஆணியில் மாட்டாமல் டோக்கனைக் கையிலேயே வைத்திருந்தார். ஒரே ஒரு டோக்கன்.

"இன்னொன்னு எங்கக்கா?"

"வீட்ல கீது. அவரு மட்டும்தான் போறாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கையை வைத்துக்கொண்டா, தனியாகவா, உங்களுக்கென்ன புத்தி கெட்டுவிட்டதா என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். மாமா வெளியே ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார், அவருக்குக் கேட்டிருந்தாலும் கவலையில்லை. அக்கா நான் முடிக்கும் வரை பொறுத்திருந்தார்.

"அவரு கை போச்சுன்னா நான் கீறேன் தம்பி. நான் போச்சுன்னா?"

அந்தக் கேள்விக்கு என் கடையில் எடுத்து வைக்க ஒன்றும் இல்லை. கடையைச் சாத்திவிட்டு அவர்களோடு போனேன்.

மாமா தண்ணீரில் இறங்கிப் படகில் ஏறினார். அக்கா உதவிக்குக் கை நீட்டவில்லை. அவருடைய லைஃப் ஜாக்கெட்டை மட்டும் இழுத்து இழுத்துப் பார்த்தார். தள்ளிவிட்டார். பாய் காற்றைப் பிடித்தது. சின்னப் படகு தாறுமாறாகக் கொஞ்ச தூரம் போய், ஒரு முறை தலையைச் சுற்றி, அப்புறம் நேராகப் போனது. நான் பேசிக்கொண்டே இருந்தேன். காற்று அதிகமில்லை, ஆழமும் அதிகமில்லை, அந்தப் பக்கம் மீன் பிடிக்கிறவர்கள் பரிசல் வைத்திருக்கிறார்கள் என்று ஏதேதோ உளறினேன். அக்கா டோக்கனை மூடியிருந்த கையை நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தார். இத்தனை வருஷத்தில் அவருடைய எந்தப் பொருளும் இரண்டாவது இல்லாமல் தண்ணீரில் இறங்கி நான் பார்த்ததில்லை.

படகு மதகுக் கட்டடத்துக்குப் பின்னால் போய் மறைந்தது. மறுபக்கம் வர வேண்டும். வரவில்லை. காற்று விட்டுவிட்டதா, கயிற்றில் கை மாட்டிக்கொண்டதா, விழுந்துவிட்டாரா? நான் செருப்பைக் கழற்றினேன். நீச்சல் தெரியாதவன் செருப்பைக் கழற்றி என்ன செய்வான்? ஆனாலும் கழற்றினேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அப்போது சத்தம் வந்தது. படகின் பக்கப் பலகையில் கையால் தட்டுகிற சத்தம். தண்ணீர் மேல் தெளிவாகத்தான் வந்தது. நான் எண்ணிப் பார்த்தேன். நாலா, ஏழா, எண்ண முடியவில்லை. விட்டு விட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தது.

"எத்தினிக்கா அது? நிறுத்தா, எறக்கா, இன்னான்னு சொல்றாரு?"

"மூணு" என்றார் அக்கா. "ஆள் வருது."

கட்டடத்தின் ஓரத்தில் முதலில் பாயின் நுனி தெரிந்தது. டோக்கனை என் கையில் திணித்துவிட்டு, புடவையோடு அவர் தண்ணீருக்குள் இறங்கினார்.